ப்ளூஸ் பேஸ் எங்கே இடிக்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்ய ஒரு வழிமுறை

எனக்குப் பழக்கமான பேஸ் (கீழ் ஸ்தாயி நோட்டுகளை வாசிக்கிற கிட்டார்) வாசிப்பவர்களில் பலர் கிட்டார் வாசிக்க வந்தவர்கள். குழுவில் ஏற்கெனவே இரண்டு கிட்டார் இருந்ததால் "நீ பேஸ் எடுத்துக்கோ தம்பி" என்று தள்ளிவிடப்பட்டவர்கள். நானும் அப்படித்தான். சர்ச் கொயர், கல்யாணக் கச்சேரி, மெல்லிசைக் குழு என்று சேலத்தில் கை பழகிய பிறகு, ஒரு மே மாதம் ஏற்காட்டில் தங்கும் விடுதி ஒன்றின் முற்றத்தில் முதல் தடவையாக ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) வாசிக்க உட்கார்ந்தேன். ஸ்கேல் தெரியும், விரல் ஓடும். பத்து நிமிடம் போயிருக்கும். டிரம்மர் குச்சியை மடியில் வைத்துவிட்டு, "அண்ணா, நீங்க இப்போ எந்தக் கார்டுல இருக்கீங்க?" என்று கேட்டார். கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகளின் கூட்டு. கிண்டல் இல்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

அதிலிருந்து எனக்கு இருப்பது ஒரே அளவுகோல்தான். மற்ற எல்லாரையும் நிறுத்திவிட்டுப் பேஸை மட்டும் கேட்டாலும், பாட்டு எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஏதோ கோளாறு. கீழே இருப்பவை என் கையிலும், என்னிடம் வருகிற பிள்ளைகளின் கையிலும் திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகள்.

முதலில் பரிசோதனை. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 80இல் வைத்து, ஏ ப்ளூஸ் இரண்டு சுற்று, துணைக்கு யாரும் இல்லாமல் வாசித்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், கை வாசித்தது இன்னும் நினைவில் இருக்கும், காது ஏமாறும். மறுநாள் கேளுங்கள். நடுவில் எங்காவது நிறுத்தி, "இது எந்தக் கார்டு? எத்தனையாவது பார்?" என்று உங்களையே கேளுங்கள்.

ஏ ப்ளூஸின் சட்டகம் இது: முதல் 4 பார் ஏ7. அடுத்த 2 பார் டி7. மறுபடி 2 பார் ஏ7. 9ஆம் பார் ஈ7, 10ஆம் பார் டி7, 11ஆம் பார் ஏ7, 12ஆம் பார் ஈ7. அங்கிருந்து தலைப்புக்கு, அதாவது முதல் பாருக்கு, திரும்ப வேண்டும். பார் என்பது இங்கே நான்கு பீட். "12 பார் ப்ளூஸ் கத்துக்கப் போறேன்" என்று வீட்டில் சொல்லி முறைப்பு வாங்கிய பையன் ஒருவன் என்னிடம் இருக்கிறான், அதனால் சொல்லி வைக்கிறேன்.

அறிகுறி: "ஒரு நோட்டும் தப்பில்லை, ஆனா கார்டு மாறுனதே தெரியல"

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். காரணமும் பெரும்பாலும் ஒன்றே: ஏ மைனர் பென்டடானிக் ஸ்கேலை மனப்பாடம் செய்து, 12 பாருக்கும் அதையே வாசிப்பது. ஏ, சி, டி, ஈ, ஜி. நம் காதுக்கு அது சுத்த தன்யாசி. எந்த இடத்தில் எதை வாசித்தாலும் முகம் சுளிக்கிற மாதிரி ஒன்றும் ஆகாது. கிட்டாரில் சோலோ எடுக்கும்போது அது பெரிய வசதி. பேஸில் அதுவே குழி. எங்கேயும் தப்பாகாத ஐந்து நோட்டு, எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லவும் சொல்லாது.

கர்னாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். நமக்கு ஆதார ஷட்ஜம் அசையாது. தம்புரா கச்சேரி முடியும்வரை அதையேதான் மீட்டிக்கொண்டிருக்கும். ப்ளூஸில் பாடகர் அப்படி ஒரே 'ஸ'வைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், பல நேரம் நிற்கவும் செய்வார். ஆனால் அவருக்குக் கீழே தரை நகர்கிறது. நகர்த்துவது நீங்கள். டி7 வரும்போது உங்கள் 'ஸ' டி, ஈ7 வரும்போது ஈ.

சரிசெய்ய, ஸ்கேலை ஒரு வாரம் மறந்துவிட்டு மூன்று கார்டின் நோட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ7 என்றால் ஏ, சி ஷார்ப், ஈ, ஜி. டி7 என்றால் டி, எஃப் ஷார்ப், ஏ, சி. ஈ7 என்றால் ஈ, ஜி ஷார்ப், பி, டி. முதல் நாள் ஒவ்வொரு பாரிலும் ரூட் (கார்டுக்குப் பெயர் தருகிற நோட்டு) மட்டும், நான்கு பீட்டும் அதுவே. கேவலமாக இருக்கிறதே என்று தோன்றும். பரவாயில்லை. இரண்டாம் நாள் முதல் பீட்டில் ரூட், மூன்றாவது பீட்டில் கார்டின் மூன்றாவது நோட்டு. மூன்று, ஐந்து, ஏழு என்பதெல்லாம் ரூட்டிலிருந்து ஸ்கேலில் எண்ணுவது: ஏ7க்கு மூன்று சி ஷார்ப், டி7க்கு எஃப் ஷார்ப், ஈ7க்கு ஜி ஷார்ப். பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், கார்டு மாறுவது பளிச்சென்று தெரியும். ரூட்டை விடவும் அந்த மூன்றாவது நோட்டுதான் கார்டைக் காட்டிக்கொடுக்கிறது.

ஏன் என்று விரலில் பார்க்க ஒரு அழகான வழி இருக்கிறது. எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, தெரிந்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஏ கம்பியில் 4ஆம் ஃபிரெட்டையும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃபிரெட்) டி கம்பியில் 5ஆம் ஃபிரெட்டையும் பிடியுங்கள். அது சி ஷார்ப்பும் ஜியும், அதாவது ஏ7 கார்டின் மூன்றும் ஏழும். இப்போது இரண்டு விரலையும் பேஸின் தலைப் பக்கமாக ஒரே ஒரு ஃபிரெட் தள்ளுங்கள். சியும் எஃப் ஷார்ப்பும் வரும். அது டி7 கார்டின் ஏழும் மூன்றும். பழைய இடத்துக்கு வந்து, இந்தத் தடவை எதிர்ப்பக்கம் ஒரு ஃபிரெட் தள்ளுங்கள். டியும் ஜி ஷார்ப்பும், ஈ7 கார்டின் ஏழும் மூன்றும். ப்ளூஸின் மூன்று கார்டும் இரண்டு விரல், ஒரு ஃபிரெட் இடவலம், அவ்வளவுதான். ரூட்டே வாசிக்காமல் இந்த இரண்டு நோட்டை மட்டும் 12 பாருக்கும் வாசித்துப் பாருங்கள். யாராவது பக்கத்தில் கார்டை முணுமுணுத்தால் இன்னும் நல்லது. ஏ7 காலத்தில் சி ஷார்ப் என்றிருந்தது, 5ஆம் பாரில் சி ஆகிறது. அந்த அரை ஸ்வர இறக்கம்தான் "இடம் மாறிவிட்டோம்" என்று காது உணர்கிற கணம். மைனர் பென்டடானிக்கில் முதலிலிருந்தே சிதான் இருக்கிறது, இறங்குவதற்கு ஒன்றும் இல்லை.

அறிகுறி: "ஒரு நோட்டு மட்டும் புளிக்குது"

மேலே சொன்னதன் தம்பி இது. ஏ7 மேல் சி வாசித்து அதிலேயே நிற்கிறீர்கள், கீபோர்டு சி ஷார்ப் பிடித்திருக்கிறார். இரண்டும் உரசுகின்றன.

"ப்ளூஸ்னா அந்த உரசல்தானே அண்ணா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாடகரும் கிட்டாரும் அந்தச் சிக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் எங்கோ இழைவதில்தான் ப்ளூஸின் வலியே இருக்கிறது. ஆனால் மேலே இழைவதற்குக் கீழே ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். பேஸும் சேர்ந்து இழைந்தால் யாருக்கும் பிடிமானம் இல்லை. சி வேண்டுமென்றால் வழிப்போக்கனாக வரட்டும்: ஏ கம்பியில் 3ஆம் ஃபிரெட்டில் தொட்டு உடனே 4ஆம் ஃபிரெட்டுக்கு வழுக்கி விடுங்கள். உரசலும் கிடைக்கும், நிற்பது சி ஷார்ப்பில். ஈ ஃபிளாட்டுக்கும் இதே கதைதான். ப்ளூஸ் ஸ்கேலில் டிக்கும் ஈக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த நோட்டில் குடியிருக்கக் கூடாது, கடந்துபோகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிட்டாரிஸ்ட் பல நேரம் மூன்றாவது நோட்டே இல்லாமல், ரூட்டும் ஐந்தும் ஆறும் மட்டுமாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். அப்போது இந்தப் பாட்டு மேஜரா மைனரா என்று முடிவு செய்பவர் நீங்கள்தான். கீபோர்டு இல்லாத குழுவில் முதல் சுற்றில் சி ஷார்ப்பை ஒருமுறை தெளிவாக வைத்துவிடுங்கள். மைனர் ப்ளூஸாக இருந்தால் எல்லாம் தலைகீழ்: அங்கே சிதான் வீட்டுக்காரர், சி ஷார்ப்தான் புளிக்கும். ஆரம்பிக்கும் முன் கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

அறிகுறி: "கார்டு தெரியுது, ஆனா வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு"

மிக்ஸோலிடியன் ஸ்கேல் கற்றுக்கொண்ட புதிதில் வருகிற வியாதி. ஏ, பி, சி ஷார்ப், டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி. ஹரிகாம்போஜியின் ஆரோகணம்தான், விரல் சந்தோஷமாக ஏறி இறங்கும். ஏறும்போது பெரிதாகக் கெடுவதில்லை: முதல் பாரில் ஏ, பி, சி ஷார்ப், டி, இரண்டாவதில் ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ. பலமான பீட்டுகளான ஒன்றிலும் மூன்றிலும் ஏ, சி ஷார்ப், ஈ, ஜி என்று கார்டு நோட்டுகளே விழுந்திருக்கின்றன. அதிர்ஷ்டம்.

இறங்கும்போதுதான் மாட்டுகிறது. 3ஆம் பாரில் ஏ, ஜி, எஃப் ஷார்ப், ஈ. 4ஆம் பாரில் டி, சி ஷார்ப், பி, ஏ. 4ஆம் பாரின் முதல் பீட்டில் டி விழுந்துவிட்டது. டி7 வரவேண்டியது அடுத்த பாரில், நீங்கள் ஒரு பார் முன்பே அறிவித்துவிட்டீர்கள். எல்லாரும் ஒரு நொடி தயங்குவார்கள், யாருக்கும் காரணம் தெரியாது, ஸ்கேல் என்னவோ சரிதான்.

கணக்கு சுலபம். ஸ்கேலில் 7 நோட்டு, இரண்டு பாரில் 8 பீட். ஒன்று குறைகிறது. ஏக்கும் ஜிக்கும் நடுவில் ஜி ஷார்ப்பைச் செருகி இறங்குங்கள்: ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப்; பிறகு ஈ, டி, சி ஷார்ப், பி; அடுத்த பாரின் தலையில் மறுபடி ஏ. இப்போது ஒன்றாம், மூன்றாம் பீட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஏ, ஜி, ஈ, சி ஷார்ப். நான்கும் ஏ7 கார்டின் நோட்டுகள். ஸ்கேலில் இல்லாத ஒரு நோட்டைச் சேர்த்ததால் வரிசை ஒழுங்காகிவிட்டது. ஜாஸ் ஆட்கள் இந்த வேலையை எப்போதோ செய்துவிட்டார்கள், நாம் கடன் வாங்கிக்கொள்கிறோம்.

சேலத்துக்காரர்களுக்குச் சொல்வதென்றால் தட்டுவடை செட். மேலேயும் கீழேயும் தட்டுவடை, நடுவில் காரட்டும் பீட்ரூட்டும் சட்னியும். ருசி நடுவில் இருப்பதில்தான், ஆனால் இரண்டு தட்டுவடை இல்லாவிட்டால் அது கையில் ஒழுகுகிற துருவல். ஒன்றாம், மூன்றாம் பீட்டில் கார்டு நோட்டு இருந்தால் இரண்டிலும் நான்கிலும் ஸ்கேலோ, ஸ்கேலுக்கு வெளியே உள்ளதோ, எதையும் அடைக்கலாம்.

அறிகுறி: "நடுவுல நல்லாருக்கு, கார்டு மாறுற இடத்துல குதிக்குது"

அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது டிரைவரைக் கவனித்திருக்கிறீர்களா? வளைவில் ஸ்டியரிங்கை ஒடிப்பது கடைசி வேலை. அதற்கு முன்பே கியர் குறைந்திருக்கும், ஹாரன் அடித்திருக்கும், வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கியிருக்கும். 4ஆம் பார் முழுக்க ஏ, ஏ, ஏ, ஏ என்று நின்றுவிட்டு 5ஆம் பாரின் தலையில் டிக்குத் தாவுவது, முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் வளைவில் ஸ்டியரிங்கை ஒடிப்பது மாதிரி. பின் சீட்டில் இருப்பவர்களுக்கு வாந்தி வரும்.

ஏற்பாடு நடப்பது நான்காவது பீட்டில். போக வேண்டிய ரூட்டுக்கு அரை ஸ்வரம் கீழிருந்து வரலாம், அரை ஸ்வரம் மேலிருந்து வரலாம், அல்லது அந்த ரூட்டின் ஐந்தாவது நோட்டிலிருந்து வரலாம். டிக்கு என்றால் சி ஷார்ப், ஈ ஃபிளாட், ஏ. ஈக்கு என்றால் டி ஷார்ப், எஃப், பி. ஏக்குத் திரும்ப என்றால் ஜி ஷார்ப், பி ஃபிளாட், ஈ.

மூன்றும் ஒரே ருசி இல்லை. ஏ7இலிருந்து டிக்குப் போக சி ஷார்ப் மிக இயல்பு, ஏனென்றால் அது ஏற்கெனவே ஏ7 கார்டின் நோட்டு. ஏ, பி, சி, சி ஷார்ப் என்று நடந்து டியில் கால் வைத்தால் ஒரு பெரியவர் படியேறுவது போல நிதானமாக இருக்கும். மேலிருந்து வருகிற ஈ ஃபிளாட்டில் கொஞ்சம் குறும்பு உண்டு: ஈ, சி ஷார்ப், ஈ, ஈ ஃபிளாட், பிறகு டி. 9ஆம் பாரின் ஈ7இலிருந்து 10ஆம் பாரின் டி7க்கு இறங்க நான் எப்போதும் இந்த ஈ ஃபிளாட்டையே எடுக்கிறேன். பழக்கதோஷம் என்றுகூடச் சொல்லலாம். ஐந்திலிருந்து வருவது எளியது, யாரும் கவனிக்க மாட்டார்கள், பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது அதுதான் மரியாதை.

பயிற்சிக்கு ஒரு நாள் முழுக்க இரண்டே பீட் வாசியுங்கள்: நான்காவதும், அடுத்த பாரின் முதலும். நடுவில் மௌனம். சலிப்பான வேலைதான், ஆனால் கார்டு வருவதற்கு முன்பே அதைக் கேட்கிற பழக்கம் இப்படித்தான் வருகிறது.

அறிகுறி: "பாதியில தொலைஞ்சு போயிடறேன்"

நம் பாட்டுகள் பெரும்பாலும் நான்கு, எட்டு, பதினாறு என்று நகர்கின்றன. ஆதி தாளமே எட்டு. அதனால் 8ஆம் பார் முடிந்ததும் உடம்பு தானாகத் தலைப்புக்குத் திரும்பப் பார்க்கிறது. ப்ளூஸில் அங்கேதான் ஈ7 வருகிறது. தொலைகிறவர்கள் பெரும்பாலும் தொலைவது 9ஆம் பாரில்தான்.

பாட்டி கணக்குப் போடுகிற மாதிரி விரல் கணுவில் எண்ணுங்கள். கட்டைவிரலைத் தவிர நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, மொத்தம் 12. ஆனால் விரல் விரலாக இறங்காமல் வரிசை வரிசையாகப் போங்கள்: நான்கு விரலின் மேல் கணுக்கள் முதல் வரி, நடுக் கணுக்கள் இரண்டாம் வரி, அடிக் கணுக்கள் மூன்றாம் வரி. ஆள்காட்டி விரலின் நடுக் கணு வந்தால் 5ஆம் பார், டி7. ஆள்காட்டி விரலின் அடிக் கணு வந்தால் 9ஆம் பார், ஈ7. வாசித்துக்கொண்டே இதைச் செய்ய முடியாது, ஆகவே பஸ்ஸில் போகும்போது, ஹெட்ஃபோனில் ஏதாவது 12 பார் ப்ளூஸ் போட்டுவிட்டு எண்ணுங்கள். பாடுகிற வரிகளும் கை கொடுக்கும். வழக்கமான அமைப்பில் முதல் வரியைப் பாடுவார்கள், அதையே மறுபடி பாடுவார்கள், மூன்றாவதாக அதற்குப் பதில் மாதிரி ஒரு வரி. பதில் வந்தால் மூன்றாம் வரிசை.

எண்ணிக்கை சரியாக இருந்தும் 2ஆம் பாரிலேயே முட்டினால் குழப்பம் உங்களுடையது அல்ல. சிலர் 2ஆம் பாரில் ஒருமுறை டி7 போய்விட்டு 3இல் ஏ7க்குத் திரும்புவார்கள். அதைத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: "நோட்டு சரி, இடம் சரி, ஆனா துள்ளல"

அம்மாப்பேட்டையில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். டக் டக் டக் டக். ஒரே இடைவெளி, ஒரே கனம், ராத்திரி பகல் கிடையாது. அது என் கையில் ஊறியிருந்தது என்பது ஷஃபிள் வாசிக்கப் போனபோதுதான் தெரிந்தது. பீட்டை இரண்டாக உடைக்கச் சொன்னால் சரிபாதியாக உடைக்கிறேன். ஷஃபிளில் சரிபாதி கிடையாது.

மிருதங்கப் பாடம் கொஞ்சம் கேட்டவருக்கு இது ஒரு நிமிட வேலை. ஒவ்வொரு பீட்டுக்கும் "தகிட" சொல்லுங்கள். திஸ்ர நடை. இப்போது "கி"யை வாய்க்குள் முழுங்கிவிட்டு "த"வும் "ட"வும் மட்டும் வாசியுங்கள். த... ட, த... ட. அதுதான் ஷஃபிள். ஒவ்வொரு நோட்டையும் இரண்டு தடவை, ஏ... ஏ, சி ஷார்ப்... சி ஷார்ப், ஈ... ஈ என்று போனால் போதும். "தகதிமி"யின் சரிபாதிக்குக் கை நழுவினால் உடனே தெரியும், குதிரை நின்று ராணுவ நடை ஆரம்பித்துவிடும். வேகம் கூடக் கூட அந்தச் சாய்வு தானாகக் கொஞ்சம் நிமிரும், அதை வலிந்து பிடித்து வைக்க வேண்டாம். மெதுவான ப்ளூஸில் "கி"யும் வெளியே வரும், மூன்றும் காதில் விழும்.

மெட்ரோனோம் நான்கு பீட்டும் அடித்தால் அதன் மேல் சாய்ந்துகொள்வோம். 80 வேகத்துக்கு அதை 40இல் வைத்து, அடிக்கிற ஒவ்வொரு அடியையும் இரண்டாவது, நான்காவது பீட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். டிரம்மரின் ஸ்நேர் விழுகிற இடம் அது. முதல் மூன்று நாள் கோபம் வரும்.

அப்படியும் துள்ளவில்லை என்றால் நோட்டின் நீளத்தைப் பாருங்கள். சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஏராளமான ப்ளூஸ் பதிவுகளில் வாசித்த வில்லி டிக்சன் கையில் இருந்தது நின்றபடி வாசிக்கிற பெரிய டபுள் பேஸ். அதில் விரலால் சுண்டிய நோட்டு சீக்கிரமே தணிந்துவிடும். 1951இல் ஃபெண்டர் நிறுவனம் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்த பிறகு நம் கைக்கு வந்த மின்சார பேஸில் நோட்டு நீண்டுகொண்டே இருக்கும், ஒன்றன் மேல் ஒன்று வழியும். பழைய ஃபெண்டர் பேஸ்களில் பிரிட்ஜ் (உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் இடம்) மூடிக்கு அடியில் நுரைத் துண்டு வைத்தே கொடுத்தார்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு விரல் அகலம் வெட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் செருகிப் பாருங்கள். பல பேருக்குப் பாதி வியாதி இதிலேயே தீர்ந்திருக்கிறது. மீதிக்கு இடது கை: விரலை எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் நோட்டு அடங்கும்.

அறிகுறி: "வீட்ல தெளிவா இருக்கு, மேடையில கூழ்"

மூன்று விஷயம், சுருக்கமாக. நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் ஆள் கிடைக்காத நாட்களில் கீபோர்டு வாசிப்பவரே இடது கையால் பேஸ் போட்டுப் பழகியிருப்பார். நீங்கள் வந்த பிறகும் அந்தக் கை அடங்காது. "அண்ணா, இடது கையைக் கொஞ்சம் மேல தூக்கிக்கிறீங்களா" என்று பணிவாகக் கேளுங்கள். அடுத்து ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி. வீட்டில் இனிக்கிற பேஸ் குமிழ் பெரிய அரங்கில் குழம்பிவிடும், அதைக் குறைத்து மிட் குமிழை ஏற்றுங்கள். திறந்த ஈ கம்பியின் அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ்தான். நோட்டு எது என்று காது பிடித்துக்கொள்வது அதற்கு மேலே உள்ள அதிர்வுகளை வைத்து.

மூன்றாவது மலைக்குப் போகிறவர்களுக்கு. சேலத்து வெயிலில் இருந்த பேஸை ஏற்காட்டுப் பனிக்குக் கொண்டுபோனால் கம்பியும் மரமும் இரண்டும் அசையும். உறையைத் திறந்ததும் சுருதி சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், அரைமணி கழித்து மறுபடி சேருங்கள். கம்பி ஃபிரெட்டில் உரசுகிறது என்று உடனே டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) திருக வேண்டாம். திறந்த கம்பி சரியாக இருந்தும் மேல் ஃபிரெட்டுகள் சுருதி விலகினால், 12ஆம் ஃபிரெட்டை அழுத்தி வாசித்ததையும் அதே இடத்தின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற ஒலி) ஒப்பிடுங்கள். அழுத்தியது கூர்மையாக இருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பியின் சேடிலை (கம்பி உட்காருகிற சிறு துண்டு) பின்னுக்கு நகர்த்த வேண்டும்.

அறிகுறி: "எனக்கே போரடிக்குது"

அப்படியென்றால் முதல் ஆறு கோளாறும் தீர்ந்திருக்கிறது, வாழ்த்துகள். பெரும்பாலும் நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அந்தப் பிரசித்தமான எட்டு நோட்டு: ஏ, சி ஷார்ப், ஈ, எஃப் ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், ஈ, சி ஷார்ப். பூகி வூகி என்ற துள்ளலான ப்ளூஸ் பாணி பியானோக்காரர்களின் இடது கையிலிருந்து வந்தது. அதில் குறை ஒன்றும் இல்லை. 5ஆம் ஃபிரெட்டில் ஈ கம்பியில் தொடங்கினால் ஏ7. அதே உருவத்தை ஒரு கம்பி தள்ளி ஏ கம்பியின் 5இல் வைத்தால் டி7. அங்கிருந்து இரண்டு ஃபிரெட் ஏறினால் ஈ7. விரலுக்கு வசதி, அதனால்தான் மூளை தூங்கிவிடுகிறது.

புது நோட்டு தேடாதீர்கள். முதலில் நோட்டைக் குறையுங்கள்: ஒரு சுற்று முழுக்க அதே உருவத்தில் முதல் மூன்று நோட்டும் ஒரு மௌனமும். அடுத்த சுற்று மேலிருந்து ஆரம்பித்து இறங்குங்கள். பிறகு கடைசி இரண்டு பாரை மட்டும் மாற்றுங்கள், கேட்பவருக்குப் பாட்டே புதிதாகத் தெரியும். 11ஆம் பாரில் ஏ, சி ஷார்ப், டி, டி ஷார்ப் என்று ஏறி 12இல் ஈ. அல்லது ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று இறங்கி அதே ஈ. ஒரு சுற்றில் ஏறுவதும் மறு சுற்றில் இறங்குவதுமாக இருந்தாலே அரைமணி நேரம் ஓடிவிடும். எட்டு நோட்டு உருவத்தை எல்லாக் கார்டிலும் ஒரே மாதிரி ஓட்டுபவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு: 9ஆம் பார் ஒன்று, 10ஆம் பார் ஒன்று, இந்த இரண்டில் மட்டுமாவது கையால் யோசித்து வாசியுங்கள். பாட்டின் மொத்த இறக்கமும் அங்கேதான் இருக்கிறது.

அறிகுறி: "எல்லாம் சரி, ஆனா கிட்டாரிஸ்ட் திரும்பித் திரும்பிப் பாக்கறார்"

முதலில் சுருதி. சிலர் கிட்டாரை அரை ஸ்வரம் இறக்கி வைத்திருப்பார்கள். அவர் கை ஏ உருவத்தில் இருக்கும், ஒலிப்பது ஏ ஃபிளாட். கையைப் பார்த்து வாசிக்காமல் காதால் ஒருமுறை சரிபாருங்கள். இரண்டாவது, மேலே சொன்ன 2ஆம் பார் விவகாரம். மூன்றாவது, அவர் சோலோவின் உச்சத்தில் இருக்கும்போது நீங்களும் ஏதாவது உருட்டிக்கொண்டிருக்கலாம். ரூட்டுக்கும் ஐந்துக்கும் திரும்புங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் பாட்டை முடிக்கச் சொல்கிறார். ஏற்காட்டில் அன்றைக்கு எனக்கு இது புரியாமல் மூன்று சுற்று கூடுதலாகப் போய்விட்டேன், அவர் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். 11ஆம் பாரில் ஏ, சி ஷார்ப், டி, டி ஷார்ப். 12ஆம் பாரின் முதல் பீட்டில் ஈ. ஒரு பீட் மௌனம். மூன்றாவது பீட்டில் பி ஃபிளாட்டைத் தொட்டுவிட்டு நான்காவதில் ஏ, கையை எடுக்காமல், டிரம்மரின் சிம்பல் அடங்கும்வரை.